மதினியும் அவளும் பேசிய மொழி

காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணன் விஜயபாண்டியின் போன் வந்தபோது, சிவரஞ்சனி ராசிங்காபுரத்து வீட்டின் கொல்லையில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ‘டொக்’ என்று விடுவித்துக்கொண்டிருந்தாள். பல் துலக்கியதும் நாலு முறை அப்படிச் செய்து பார்ப்பது பதினோரு வருஷப் பழக்கம்.

“பேச்சி எந்திரிக்க மாட்டேங்குறாத்தா. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு” என்றான் அண்ணன்.

முத்துப்பேச்சி அவளுக்கு மதினி. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருவருக்கும் அடுத்தடுத்த இடம். தூசிக்காக எல்லாரும் வாயில் துணி கட்டியிருப்பார்கள். பேசினால் மேஸ்திரி சோணைக்கு ஆகாது. துணிக்குள்ளிருந்தே பேச ஒரு மொழி செய்தாள் சிவரஞ்சனி. அவள் பி.ஏ. தமிழ். எட்டாவதோடு நின்ற மதினிதான் அதைத் திருத்துவாள்.

மூன்று சொடுக்குகள். அண்ணத்தில் ஒன்று; மாட்டை ஓட்டுகிறவர்கள் கன்னத்தின் ஓரத்தில் எழுப்புவது இன்னொன்று; உதடு வெடிப்பது மூன்றாவது. “உச்சுக் கொட்டுறது மட்டும் வேணாம். அது எழவு வீட்டுக்காரவுகளுக்கு இருக்கட்டும்” என்று மதினி விலக்கிவிட்டாள். சொடுக்குகளுக்கிடையே ஆ, ஊ என்று உயிரெழுத்துகள். வினை முதலில் வரும், செய்தவர் பிறகு. முடிந்த காரியத்துக்குக் கடைசியில் ஒரு சொடுக்கு, வரப்போவதற்கு முதலில். கேள்விக்கு முன்பெல்லாம் புருவம் போதுமாயிருந்தது. போனில் புருவம் தெரியாது என்பதால் அதற்கும் ஒரு சொடுக்கு வந்தது.

சோணை அதைப் பல்லி என்றே நம்பினார். ‘டொக் டொக்’ கேட்டதும் மேசையை விரலால் தட்டிவிட்டுக் காலண்டரின் பின்புறம் பலன் பார்ப்பார். “கெழக்க கத்துது. நல்லதுதான்” என்பார். துணிக்குள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கியபடி காய் பொறுக்குவார்கள்.

அண்ணனுக்குத்தான் பொறுக்காது. “ரெண்டு பேரும் மாடு பத்துறீகளா, பேசுறீகளா?”

“ஒங்களுக்குப் புரிஞ்சா நாங்க எதுக்கு இம்புட்டு மெனக்கெடணும்?” என்பாள் மதினி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, விஜயபாண்டி மனைவியின் போனைக் கொண்டுவந்து தங்கையின் முன் வைத்தான். கடைசி இரவு ஒன்பது பத்துக்குச் சிவரஞ்சனிக்கு அனுப்பிய குரல்பதிவு, பத்தொன்பது விநாடி. தினமும் கேட்டிருக்கிறான்.

“கேசு சிலிண்டருக்குச் சொல்லலன்னு அன்னைக்கு அவள வஞ்சுட்டேன். அதச் சொல்லி அழுதாளா? மறைக்காமச் சொல்லுத்தா.”

இனிப்பாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். சரி பார்க்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. சிவரஞ்சனி பதிவை ஓடவிட்டு, சொடுக்குக்குச் சொடுக்கு நிறுத்தி, வந்த வரிசையிலேயே சொன்னாள்.

“வச்சாச்சு, ரெண்டு கொக்கி, ஒன் ஜாக்கெட்டுல. இருக்கு மூணு. தைப்பேன் காலையில. கொண்டாருவேன் கொட்டகைக்கு.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தாண்ணே. ஒன்னயப் பத்தி ஒரு சொல்லு இல்ல.”

அவன் உள்ளே போய், தையல் மிஷின் மேல் மடித்திருந்த பச்சை ஜாக்கெட்டை எடுத்து வந்து விரித்தான். மேலே இரண்டு கொக்கிகள் இருந்தன. கீழே மூன்று இடங்களில் பென்சில் புள்ளி மட்டும் வைத்திருந்தது.