உர்சுலாவின் கல்லில் விழுந்த வெளிச்சம்

இது நடந்தது. ஆதாரம் மட்டும் கேட்காதீர்கள்.

ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பதுதான் என் தொழிலின் முதல் விதி. முப்பது வருடமாக மாசசூசெட்ஸில் குடும்பங்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கிறேன். யார் யாருடைய மகள், யார் எந்தக் கப்பலில் வந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் சான்று வைத்து, 'ஜோன் டில்ட்டன்' என்று கையெழுத்துப் போடுவேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் சான்று கிடையாது.

அந்த டிசம்பரில் என் கணவர் வாரன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போன ஈறு போல இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். பயத்தில் எதையோ கற்பனை செய்துகொண்டாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லாத நாட்கள் அவை.

வேலை கொடுத்தவர் லவீனியா பிக்ஃபோர்ட். எண்பத்தொரு வயது. கோடைக்காலத்தைப் பார்க்க அவருடைய இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் உண்டு. இங்கிலாந்திலிருந்து முதலில் வந்து குடியேறியவர்களில் அரச ரத்தம் ஓடியவர்களின் வாரிசுகள் மட்டுமே அதில் சேரலாம். லவீனியாவின் அம்மா ஒருமுறை மனுப் போட்டிருக்கிறார். 'சான்று போதாது' என்று தேநீர் விருந்தில், எல்லோர் முன்னிலையிலும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்த அம்மாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சாவதற்குள் அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும். மகளுக்கு இருந்தது இந்த ஒரே ஆசைதான்.

லவீனியாவிலிருந்து பின்னோக்கிப் போய், ஹாலோவெல் பாயின்ட் என்ற கடலோரக் குடியிருப்பில் தோல் பதனிட்ட ஒருவனின் மனைவி உர்சுலா வரை சேர்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் இங்கிலாந்தில், சர் ஆன்டனி தார்ன்கோமின் மகள் ஓர் உர்சுலா. 1637இல் ஒரு வேலைக்காரியுடன் கப்பலேறியவள். அவளிடமிருந்து மேலே போனால் ஒரு ராஜாவில் போய் முடிகிறது.

இரண்டு உர்சுலாவும் ஒருத்திதானா? பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவது எங்கள் ஊர்க் குடும்பங்களின் தீராத வியாதி. சங்கம் நம்பாது. மிச்சமிருந்த ஒரே வழி ஹாலோவெல் பாயின்ட் உர்சுலாவின் கல்லறைக் கல். அதுவோ தேய்ந்து போனது. எழுத்துள்ள பக்கம் வடக்கே பார்ப்பதால் வெயிலும் விழாது.

அதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் பெரிய கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் திருப்பிவிடுவார். எழுத்துப் பள்ளங்களில் நிழல் தேங்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாதது தெரியும்.

"உங்களால முடியாது மிஸஸ் பிக்ஃபோர்ட். உங்க மருமகனை வரச் சொல்லுங்க."

"அவன் கையில கண்ணாடியைக் குடுத்தா தன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருப்பான். நானே பிடிக்கிறேன். அவ எனக்குத்தான் முப்பாட்டி, உனக்கில்ல."

கல்லறைத் தோட்டத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். மடியில் கண்ணாடி. நான் அவருக்கு முதுகைக் காட்டியபடி கல்லின் முன் மண்டியிட்டேன். தரையில் பழைய பனி.

வெளிச்சம் வந்து விழுந்தது. அவர் கை எப்போதும் நடுங்கும். கல்லின் மேல் வெளிச்சமும் நடுங்கியது. ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"கொஞ்சம் இடது பக்கம்."

"எனக்கு இடதா, உனக்கா?"

"எனக்கு."

நகர்ந்தது. மறுபடி நடுங்கியது. இப்படியே வெகுநேரம். பின்னால் அவர் ஏதோ சொன்னார். காது கொடுக்காமல், சரி என்று கையை மட்டும் உயர்த்தினேன்.

பிறகு நடுக்கம் நின்றது.

அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வெளிச்சம் ஆணியடித்தது போல அசையாமல் நின்றது.

"அப்படியே இருங்க!"

உ... ர்... சு... லா. ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. அதன் கீழே, 'சர் ஆன்டனி தார்ன்கோமின் மகள்.'

"கிடைச்சிடுச்சு மிஸஸ் பிக்ஃபோர்ட்!"

திரும்பிப் பார்க்காமல் காமிராவைக் கல்லுக்கு நேரே பிடித்தேன்.

படம் எடுத்தேன். க்ளிக்... க்ளிக்... பனி தூற ஆரம்பித்தது. எழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

கல்லின் மேல் என் கையின் நிழல் விழவில்லை.

கையை அசைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது...

மெல்ல அது நகர்ந்தது. கல்லை விட்டு இறங்கிப் பனித்தரை மேல் ஊர்ந்து போனது. மதிலோரத்தில், மண்ணுக்கு மேல் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்த, செதுக்காத ஒரு காட்டுக்கல்லின் மேல் போய் நின்றது. பெயரில்லாத கல்.

"இங்க இல்ல. கல்லுக்குத் திருப்புங்க."

அசையவில்லை.

"மிஸஸ் பிக்ஃபோர்ட்?"

திரும்பினேன்.

நாற்காலி காலி. அதன் மேல் பனி படிந்திருந்தது. கண்ணாடி தரையில் கவிழ்ந்து கிடந்தது.

வானம் கருத்திருந்தது.

மறுபடி மதிலைப் பார்த்தேன்.

இருட்டு.

கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கார். உள்விளக்கு எரிந்தது. லவீனியா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்க்கிலிருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"வெயில் போனதுமே வந்துட்டேன். சொல்லிட்டுத்தானே வந்தேன், நீயும் கையைத் தூக்குனியே. அது சரி, இருட்டுல உக்காந்து யார்கூட பேசிக்கிட்டிருந்தே?"

வீட்டுக்கு வந்து காமிராவைப் பார்த்தேன். எல்லாப் படங்களும் கறுப்பு. கடைசிப் படத்தில் நேரம் 4.40. அன்று சூரியன் மறைந்தது 4.12க்கு.

இரண்டு நாள் கழித்து நல்ல வெயிலில், கல்லறைக் கற்களைச் சீர் செய்யும் ஆளை அழைத்துக்கொண்டு போனேன். அவர் கல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல எழுத்தா? மேல் பாளம் மொத்தமும் உரிஞ்சு விழுந்து அம்பது வருஷம் இருக்கும். படிக்க எதுவுமே இல்லம்மா."

லவீனியாவிடம் சொன்னேன். அவர் விடவில்லை.

"நீ படிச்சியா, இல்லையா?"

"படிச்சேன்."

"நீ கண்ணால பாத்ததா எழுதிக் குடுத்தா அவங்க ஏத்துக்குவாங்க. போடு கையெழுத்து."

"முடியாது மிஸஸ் பிக்ஃபோர்ட்."

"ஏன்?"

"வெளிச்சம் அந்தக் கல்லோட நிக்கல."

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "எங்கம்மாவையும் இப்படித்தான் கொன்னாங்க. மரியாதையா, மெதுவா." கதவைச் சாத்திவிட்டார். அப்போதும் நான் மரத்துப்போய்த்தான் இருந்தேன்.

ஏப்ரலில் பனி உருகி மண் இளகியது. கல்லறைத் தோட்டத்து மதில் ஒரு பக்கம் சரிந்தது. அதைக் கட்டத் தோண்டியபோது, அந்தக் காட்டுக்கல்லுக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. ஆராய்ச்சியாளரை வரவழைத்தார்கள். இருபது வயதுப் பெண் என்றார். எங்கள் முன்னோர் இறந்தவர்களை மல்லாத்தித்தான் படுக்க வைப்பார்கள், உயிர்த்தெழும் நாளில் கிழக்கைப் பார்த்து எழ வேண்டுமென்று. இவள் குப்புறக் கிடந்தாள். மூடிய வலது கைக்குள் ஒரு மோதிரம். அதில் மூன்று கொக்குகள். இங்கிலாந்தில் தார்ன்கோம் குடும்பத்துச் சமாதியில் குலச்சின்னமாக இருக்கும் அதே மூன்று கொக்குகள்.

ஆஸ்பத்திரியில் இருந்த லவீனியாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்போ நாங்க அந்த வேலைக்காரியோட வம்சம். எஜமானி பேரைத் திருடிக்கிட்டவ."

"அப்படித்தான் தோணுது. ஆதாரம் இல்ல."

"உன் ஆதாரத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு." லேசாகச் சிரித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஜோன்... அந்தப் பொண்ணு செத்தப்புறம்தானே புதைச்சாங்க? எங்க ஆளு அவ்வளவுதானே செஞ்சா?"

"ஆமா," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

ஆராய்ச்சியாளர் என்னிடம் சொன்னது வேறு. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் மார்புக்கு அடியில் மடங்கியிருந்தன. இடது உள்ளங்கை மண்ணில் ஊன்றியிருந்தது, குப்புறக் கிடப்பவள் எழுந்திருக்கப் பார்ப்பது போல.

காட்டுக்கல் அவள் தலைமாட்டில் இல்லை. முதுகின் மேல் இருந்தது.