எழுத்தில்லாத பக்கத்தை நான் வாசித்தேன்

என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், சீகிரியாவில் வேன் ஹயர் ஓடினார். வெளிநாட்டுக்காரர்களை ஹோட்டல் வாசலில் ஏற்றி, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்குக் கொண்டுபோய்ப் பனியைக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். அவர்கள் போன பிறகு பின் சீற்றில் ஏதாவது கிடக்கும். தொப்பி, ஒற்றைச் செருப்பு, சில நேரம் புத்தகம். தொப்பியையும் செருப்பையும் ஹோட்டலில் கொடுத்துவிடுவார். யாரும் தேடி வராத கொமிக் புத்தகங்கள் மட்டும் என் மகளுக்கு வரும்.

மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் உயர்தரம் வரை படித்தவள். அவள் படத்தைப் பார்ப்பாள், நான் எழுத்தைத் தமிழாக்கிச் சொல்வேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடைசியாக நானா கொண்டுவந்தவை ஒரே கதையின் மூன்று புத்தகங்கள். செம்பு நிற முகமூடி போட்ட ஒருவன், விழுகிற பாலங்களையும் கட்டடங்களையும் தோளில் தாங்குகிறவன். முதல் புத்தகத்தின் முடிவில் ரயில் பாலமொன்றைத் தாங்குகிறான். கடைசிப் பெட்டியும் கடந்த பிறகுதான் ஆற்றில் விழுகிறான். மகள் அழுதாள். நானா அவள் தலையில் தட்டிச் சிரித்தார்.

"அவன் மவுத்தாகினா அடுத்த ரெண்டு புத்தகத்தையும் என்னத்துக்கு, மகள், அடிச்சிருக்காங்க?"

அடுத்த கிழமை நானா மவுத்தானார். ரிவர்ஸ்டன் பாதையில், காலை பத்து மணிக்கு. நெஞ்சு வலித்திருக்கிறது. வேனை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மரண விசாரணை முடிந்து மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். ஜனாஸாவை, நானாவின் கடைசி முகத்தை, அவளுக்குக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இன்றும் ஒரு நாளைக்கு ஒரு பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "வேன நிப்பாட்டிட்டு, ஏறி இருந்தவங்களக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்கார்." ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்கும் அது தேவைப்பட்டது. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பின்னேரம், இரண்டாவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தோன்றவில்லை. பிள்ளை நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வாசித்தால் சாப்பிடுவாள் என்று நினைத்தேன்.

அந்தப் புத்தகம் முழுவதும் துக்கம். ஆனால் நம் துக்கம் இல்லை. கறுப்புக் கோட்டும் கறுப்புக் குடையுமாக ஊரே மழையில் நிற்கிறது. ஒருவரும் உட்காரவில்லை. மையித்தைக் குளிப்பாட்டுவதில்லை. கதிரை கடன் வாங்க ஆள் ஓடுவதில்லை. அழுகை என்றால் கன்னத்தில் ஒரே ஒரு துளி, மாபிள் அளவு. அவனுடைய நண்பர்கள் கோபத்தில் சுவரைக் குத்தி உடைக்கிறார்கள். அவனுடைய பெரிய எதிரிகூடக் கல்லறைக்கு வந்து தொப்பியைக் கழற்றுகிறான். ஊர் நடுவில் சிலை வைக்கிறார்கள். அதைத் திருப்பினால் மறுபக்கத்தில் சப்பாத்து விளம்பரம்.

முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் ஒரு பொறாமையும் கூடவே வந்தது. அந்த மனிதனின் சாவுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. ஒரு ரயில் நிறைய ஆட்கள் பிழைத்திருந்தார்கள். என் நானா ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

முகமூடிக்காரனின் மனைவி ஒவ்வொரு நாளும் மொட்டைமாடியில் நிற்கிறாள். படத்தின் மூலையில் சின்ன மஞ்சள் பெட்டி. மூன்றாம் நாள். பத்தாம் நாள். நாற்பதாம் நாள். அதையெல்லாம் உள்ளபடியே வாசித்தேன்.

பிறகு ஒரு பக்கம் வந்தது. அதில் எழுத்தே இல்லை. ஒரு குசினி. மேசையில் இரண்டு கோப்பை. ஒன்றுக்கு முன்னால் அவள் இருக்கிறாள். மற்றதற்கு முன்னால் வெறும் கதிரை. அந்தப் புத்தகத்தில் உண்மையாக இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

"வாசிங்க உம்மா."

நான் வாசித்தேன். "அவர் வந்ததும் குடிக்கிறதுக்குத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க. நாள எண்ணிக்கிட்டு இருந்தா அவர் கட்டாயம் வருவாருன்னு அவங்களுக்குத் தெரியும்."

மகள் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். அன்று தட்டில் வைத்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். மறுநாள் மூன்றாவது புத்தகம். நூறாவது நாள் அவன் ஆற்றிலிருந்து எழும்பி வருகிறான். எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள். நூறு நாள் அழுதவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை துக்கமும் ஒரு பிழையான தகவல்போல ஆகிவிட்டது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. மகள் கைதட்டினாள்.

நானாவின் மனைவி, என் மதினி, அப்போது இத்தாவில் இருந்தார். கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் போகாமல், அலங்காரம் இல்லாமல், வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் காலம் அது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த அறைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இன்னும் எத்தின நாள் ஈக்கி?"

மதினியின் ராத்தா, அவருக்கு மூத்தவர், கலண்டரைப் பார்த்துச் சொல்லுவார். தொண்ணூறு. எழுபத்தெட்டு. நாற்பத்தாறு. மகள் கட்டில் காலடியில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

இத்தா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, அவளுடைய சித்திரக் கொப்பி என் கையில் அகப்பட்டது. பக்கம் பக்கமாகக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் பெட்டி, உள்ளே ஓர் எண். ஒவ்வொன்றிலும் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். கடைசிக் கட்டத்தில் அவளுக்கு முன்னால் ஒரு வேன், வேனின் கதவு திறந்திருந்தது. அதிலிருந்து இறங்குகிறவருக்குச் செம்பு நிற முகம்.

கொப்பியை மூடிவிட்டு அடுப்பை அணைத்தேன். அந்த நாள் வரும். வேன் வராது. அப்போது பிள்ளை என்ன ஆவாள்? அதற்கு முன்னால் யாராவது அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

கணவர் கடையிலிருந்து வந்ததும் காட்டினேன். "நீங்க சொல்லுங்களேன்" என்றேன்.

"நான் ஒண்ணும் வாசிக்கல்லையே. வாசிச்ச வாய்தான் சொல்லணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ள. நோன்பு வந்தா மறந்திடுவா" என்றார்.

மறுநாள் மகளை மடியில் இருத்திக்கொண்டு தொடங்கினேன். "மகள், புத்தகத்தில வாறதெல்லாம் கதை."

"தெரியும். மாமா புத்தகத்தில இல்லத்தானே."

அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டேன். வெங்காயம் உரிக்கப் போனேன். மறுநாளும் தொடங்கி நிறுத்தினேன். ஒவ்வொரு பின்னேரமும் ராத்தா ஓர் எண்ணைக் குறைத்துச் சொன்னார். நாலு என்று சொன்ன அன்று மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே அந்த இரண்டாவது புத்தகம் இருந்தது எனக்குத் தெரியாது.

மதினி பாயில் இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமி, மாமா வாற அண்டைக்கு நீங்க எந்த உடுப்பு உடுக்கிற?"

மதினியின் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மகள் புத்தகத்தை எடுத்து விரித்தாள். மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. படங்களைத் திருப்பிக்கொண்டே போனார். மொட்டைமாடியில் நிற்கிற பெண்ணிடம் வந்ததும் விரலை வைத்தார்.

"இவ ஏன் மழையில நிக்கிறா? உள்ளுக்கு வான்னு கூப்பிட ஒரு மனிசரும் இல்லையா இவளுக்கு?"

"அவங்க நாள் எண்ணுறாங்க மாமி. உங்களப் போல."

மதினி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். குசினி, இரண்டு கோப்பை. அதைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"இதில என்ன எழுதியிருக்கு மகள்?"

மகள் ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தாள். தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பதையும், நாளை எண்ணிக்கொண்டிருந்தால் கட்டாயம் வருவார் என்பதையும்.

மதினி புத்தகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "இதில ஒரு எழுத்தும் இல்லையே."

"இருக்கு. உம்மா வாசிச்சாங்க."

பிறகு அவளும் பார்த்தாள். மேலே, கீழே, மூலையில். மஞ்சள் பெட்டிகூட இல்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, நீங்களே சொல்லுங்க," என்றார் மதினி. "எனக்கு ஏலாது."

நான் சொன்னேன். "மாமா வரமாட்டாங்க மகள். மாமிட இத்தா முடிஞ்சாலும் வரமாட்டாங்க. எத்தின நாள் எண்ணினாலும் வரமாட்டாங்க. அதில ஒண்ணும் எழுதியில்ல. உம்மா சும்மா சொன்னேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"மத்தப் பக்கமெல்லாம்?"

"மத்ததெல்லாம் இருக்கிறபடிதான் வாசிச்சேன்."

"மாமா வேனில இருந்தவங்களக் காப்பாத்தினது?"

"வேன நிப்பாட்டினாங்க. அது உண்மை. மத்தது எங்களுக்குத் தெரியாது."

மதினி கையை நீட்டினார். மகள் அவரிடமும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனாள். அங்கிருந்து ராத்தாவின் சத்தம் கேட்டது. "என்ன மருமகள், மொகம் சுருங்கிக் கிடக்கு? யாரு ஏசினது? பனிஸ் திங்கிறியா?"

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். மதினி தடுத்தார்.

"நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். இத்தா முடியிற நாள நெனச்சாப் பயமா ஈக்கி தங்கச்சி. இப்ப ஒவ்வொரு நாளும் ஆக்கள் வாறாங்க, எத்தின நாள்னு கேக்கிறாங்க. அதுக்குப் பொறகு என்னத்தக் கேப்பாங்க?"

கீரையை மறுபடி கையில் எடுத்தார். நானும் ஒரு கொத்தை எடுத்து ஆய்ந்தேன். வேறு என்ன செய்வது?

இத்தா முடிந்த அன்று சொந்தக்காரர்கள் நிறையப்பேர் வந்தார்கள். மகள் ஒரு தடவையும் வாசலுக்குப் போகவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு நான் வாசித்துக் காட்டும் எதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பாடப் புத்தகத்தில்கூட, "அப்படித்தான் எழுதியிருக்கா?" என்று விரலை வைத்துக் கேட்பாள். நான் ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவேன். எனக்குக் கோபம் வருவதில்லை, வரக்கூடாது என்றும் தெரியும்.

போன கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய சீருடையை அலசிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்திருந்தது.

"உம்மா, நீங்க மவுத்தானா திரும்பி வருவீங்களா?"

ஈரச் சட்டை கையில் அப்படியே இருந்தது. வேறு ஏதாவது சொல்ல வாய் எவ்வளவு துடித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"வரமாட்டேன் மகள்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தைத் தேடிய அதே கண்களால், மேலே, கீழே. பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். நான் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு தாய் அப்படிச் சொல்லலாமா என்று அன்று முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.