செல்வி சொல்லாத இரண்டு வரி

1. வண்டியில் ஏறு

நான் மிஷன் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்ததால்தான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். தொண்ணூறுகளின் தொடக்கம், ஆடி மாதம். கனடாவிலிருந்து ஏழு பேர், பிள்ளைகள் மத்தியில் பத்து நாள் ஊழியம் செய்யக் கோயம்புத்தூரில் வந்து இறங்கியிருந்தார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்தில் எங்கள் மிஷன் நடத்திய பிள்ளைகள் விடுதிக்கு அவர்களை அழைத்துப் போக வேண்டும். மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர் அன்று காலையில் காய்ச்சலில் படுத்துவிட்டார். எங்கள் கரஸ்பாண்டென்ட் ஐயா நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, இங்கிலீஷ் லெட்டரெல்லாம் தப்பில்லாம அடிக்கறயே, பேசவும் வருமல்ல?"

"அடிக்கறதுக்குக் கை போதுங்கய்யா. பேசறதுக்கு வாயி வேணுமுங்களே."

"அது உங்கிட்ட நெறையாவே இருக்குது. வண்டில ஏறு."

ஏறிவிட்டேன். அதன் பிறகு பதினெட்டு வருஷம் அந்த வேலையிலிருந்து இறங்கவில்லை.

முதல் நாளே கிதார் வைத்திருந்த ஒரு பெரிய தாடிக்காரர் தன் ஊர்ப் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீட்டுக் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி விழுமாம். "ஊட்டியில குளிருமல்ல, அந்த மாதிரி நூறு மடங்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகள் விழித்தார்கள். விடுதி முற்றத்தில் நின்று பார்த்தால் நீலகிரி மலை கண்ணெதிரே நிற்கும். ஆனால் அந்த அறுபது சொச்சம் பிள்ளைகளில் ஒருவர்கூட ஊட்டிக்குப் போனதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஐஸ் வண்டிக்காரர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்குமே, அது வானத்திலிருந்து விழும் என்றேன். உடனே கைதட்டினார்கள். அன்று நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

2. பத்து நாளின் வேலை

வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே கால அட்டவணைதான். காலையில் ஆக்‌ஷன் சாங், பிறகு வேதக் கதை, பிறகு கிராஃப்ட். வந்தவர்கள் பெட்டி பெட்டியாக வண்ணத் தாளும் பசையும் ஜிகினாவும் கொண்டு வருவார்கள். அந்த ஜிகினா சோற்றுத் தட்டிலும் வார்டன் மேரியக்காவின் கொண்டையிலும் தீபாவளி வரைக்கும் மின்னிக்கொண்டிருக்கும்.

மொழிபெயர்ப்பவளுக்கு இதில் ஓய்வு கிடையாது. சாப்பாட்டு மேஜையில்கூட ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிடுவார்கள். சாம்பாரில் மிதப்பது முருங்கைக்காய், அதை முழுசாக விழுங்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் நல்ல மனுஷர்கள். லீவு போட்டு, கைக்காசைப் போட்டு, பழக்கமில்லாத வெயிலில் தோல் உரிய உரியப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறை எங்கள் பக்கம் இருந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு குடும்பம் ஆதரவு கொடுக்கும். அந்தக் குடும்பத்துக்குப் போகும் விவர அட்டையை டைப் அடித்தது நான்தான். தகப்பன் செத்துப்போன பிள்ளையை எங்கள் பக்கம் 'அனாதப் புள்ள' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். தாய் உயிரோடு இருந்தாலும் அப்படித்தான். ஐயா அதையே அட்டையில் அடிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் அடிக்கும்போது அதன் அர்த்தம் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். விடுதியில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் தாய் இருந்தவர்கள்.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை அந்தத் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைப் பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் வந்திருக்கிற மாதம் மட்டும் "இம்மாதம் வர வேண்டாம்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போஸ்ட் கார்டு போகும். அதை அடித்ததும் நான்தான்.

3. சாட்சி

இது நடந்தது நான் மொழிபெயர்க்கத் தொடங்கி ஆறாவது வருஷம். அந்த முறை வந்த குழுவில் மார்கரெட் என்று ஒரு அம்மாள் இருந்தார். பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பிள்ளைகளின் காது, பல், நகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கடைசி நாள் இரண்டாவது சனிக்கிழமையாக அமைந்தது. அன்று மத்தியானம் ஒரு பிள்ளை மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும், அதாவது ஆண்டவர் தன்னை எப்படி நடத்தினார் என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஒன்பது வயது செல்வி. ஐயா எழுதிக் கொடுத்ததை மேரியக்கா ஒரு வாரமாக அவளுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். எனக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தை முன்னாடியே தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

முற்றத்தில் போட்டிருந்த சின்ன மேடையில் நானும் அவளும் நின்றோம். செல்வி கணீரென்று சொன்னாள்.

"எம் பேரு செல்வி. நான் நாலாம் வகுப்புப் படிக்கிறேன். எனக்கு அப்பா இல்லை."

நான் மொழிபெயர்த்தேன். அடுத்த வரிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். செல்வி வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே வயர் கூடையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வியின் உதடு இறுக மூடியிருந்தது. கீழே உட்கார்ந்திருந்த மேரியக்கா, "சொல்லு, சொல்லு" என்று சைகை செய்தார். அவள் சொல்லவில்லை.

பத்து விநாடி போயிருக்கும். மேடையில் அது ரொம்ப நேரம். எனக்குப் பதற்றமாகிவிட்டது. என் கையில் இன்னும் இரண்டு வரி மிச்சம் இருந்தது. மைக்கைப் பிடித்து நானே ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். "எனக்கு அம்மாவும் இல்லை. கடல் தாண்டி வந்த நீங்கள்தான் எனக்கு அப்பாவும் அம்மாவும்."

அந்த வருஷமும் வந்திருந்த கிதார் தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்கரெட் மட்டும் எழவில்லை. செல்வியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4. கேட்டுக்கு இந்தப் பக்கம்

கூட்டம் கேக் வெட்டக் கலைந்ததும் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் ஆறுமுகம் அண்ணன் என்னைப் பார்த்ததும், "நா என்னங்க பண்றது, ஐயா உத்தரவு. கார்டு போட்டமே, ஏன் வந்தீங்கன்னா கார்டே வர்லீங்கறாங்க" என்றார்.

அவள் பெயர் ருக்மணி. பவானியில் ஜமக்காளத் தறியில் வேலை. போன மாதம்தான் வேறு தெருவுக்குக் குடி மாறியிருக்கிறாள். நான் அடித்த போஸ்ட் கார்டு பழைய வீட்டுக்குப் போயிருக்கும். விடியும் முன்னால் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கூடையில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் ஒரு ஜோடி ரிப்பனும் இருந்தன.

"ஏனுங்க அம்மணி, எம் புள்ள பேசுனதுக்கப்பறம் நீங்க மைக்குல இங்கிலீசுல என்னமோ சொன்னீங்களே, அதக் கேட்டு வெள்ளக்காரங்கல்லாம் அழுதாங்களே. என்னங்க சொன்னீங்க?"

என் வேலையே அதுதான். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. ஐயா எழுதிக் கொடுத்தது, அதில் அம்மாவும் இல்லை என்று இருந்தது, புள்ள அதைச் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நா இருக்கறது தெரிஞ்சா புள்ளைய ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்களா?"

"தெரீலீங்க."

"அப்ப நா வந்தது யாருக்கும் தெரிய வேண்டாமுங்க. இங்க மூணு வேளையும் சோறு திங்கறா, பள்ளிக்கோடம் போறா. இந்தக் கூடைய மட்டும் அவகிட்டக் குடுத்துப்போடுங்க. நா அடுத்த மாசம் வாரேன்."

கூடையைக் கம்பி வழியாகக் கொடுக்க முடியவில்லை. ஆறுமுகம் அண்ணன் கேட்டைக் கொஞ்சம் திறந்து வாங்கினார். அப்போது பின்னால் மார்கரெட் வந்து நின்றார்.

"இவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சொந்தக்காரர் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ருக்மணிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் வாயை அப்படிக் கவனித்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் இடம் போகலாம், என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் ஒரு தாய் கேட்டோடு திரும்பிப் போக வேண்டும். பொய்ச்சாட்சி கூடாது என்று பத்துக் கட்டளையைப் பாட்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்.

"செல்வியின் அம்மா" என்றேன்.

"அப்படியானால் மேடையில் அவள்..."

"அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன்."

மார்கரெட் என்னைத் திட்டவில்லை. "இவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள்" என்றார். ஆறு வருஷத்தில் ஒரு தாயிடம் அப்படிக் கேட்கச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை. கேட்டேன்.

"பத்து நிமிசம் உள்ள உட்டாப் போதுங்க."

மார்கரெட்டே கேட்டைத் தள்ளித் திறந்தார். செல்வி முற்றத்தின் நடுவில் கேக் தட்டோடு நின்றாள். அம்மா உள்ளே வருவதைப் பார்த்தும் ஓடி வரவில்லை. மேரியக்காவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நா போலாங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மார்கரெட் கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "போ கண்ணு, ஓடு" என்று கத்தினேன்.

5. அட்டைகள்

அன்று சாயந்திரமே ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"தாயி இருக்குதுன்னு எழுதுனா அங்கிருந்து எவன் ஒத்தாசை பண்ணுவான்? நானா திங்கறேன்? புள்ளைக திங்கறாங்க. நீ ஒரு நாள் நல்லவளாயிட்டே, நா நாளைக்கு இவங்களுக்கு என்னத்தப் போடட்டும்?"

ஆனால் மார்கரெட் அன்றைக்கே தன் குழுவை உட்கார வைத்துப் பேசியிருந்தார். எல்லா அட்டைகளையும் திருத்தி அடிக்க வேண்டும், உள்ளதை உள்ளபடி அடிக்க வேண்டும் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொண்டார்கள். ஐயா ஒத்துக்கொண்டார். வேறு வழி இல்லை.

திருத்திய அட்டைகள் போன பிறகு இரண்டு குடும்பங்கள் ஆதரவை நிறுத்திக்கொண்டன. அந்தக் கடிதங்களை ஐயா என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு வேறு ஆள் கிடைக்க ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் முழுவதும் அவர் யாரையும் வெளியே அனுப்பவில்லை. எப்படிச் சமாளித்தார் என்று தெரியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். செல்வியின் இடம் போகவில்லை. பத்தாவது முடிக்கும் வரை அங்கேதான் இருந்தாள். இரண்டாவது சனிக்கிழமை அதற்கப்புறம் ஒரு மாதமும் ரத்தாகவில்லை.

புதிதாக மொழிபெயர்க்க வருகிறவர்கள் என்னிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் செல்விதான்.

அட்டைகளைத் திருத்த ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரில் விவரம் கேட்டு எழுதினேன். செல்வியின் முறை வந்தது. எதிரில் வந்து நின்றாள். தலையில் புது ரிப்பன்.

"அம்மா பேரு?"

"ருக்மணிங்க."

"என்ன வேலை?"

"ஜமக்காளம் நெய்யறாங்க."

எழுதிக்கொண்டேன். போகலாம் என்றேன். அவள் போகவில்லை.

"ஏனுங்கக்கா, அன்னைக்கு நாந்தான் நிறுத்திப்போட்டனே. நீங்க ஏன் நிறுத்தல?"