பிலவத்தில் பிறந்தவள்

நான் பாயில் அரைத் தூக்கத்தில் கிடக்கும்போதே அம்மாவின் குரல் தெருக்கோடியில் கேட்கும். கண்மாய்க் கரையில் ஒரு நடை நடந்துவிட்டு, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் திரும்பி வருவாள். மூன்று வாசலிலாவது நிற்காமல் வர மாட்டாள். ஒரு வாசலில் கன்று போட்ட மாட்டைப் பற்றி விசாரிப்பு, அடுத்த வாசலில் கோபித்துக்கொண்டிருக்கும் மருமகளுக்கு ஓர் அதட்டல், அதற்கடுத்த வாசலில் வெறும் சிரிப்பு. வெட்டிவிட்ட தண்ணீர் வாய்க்காலில் ஊர்ந்து வருவதுபோல அந்தக் குரல் வாசல் வாசலாக நெருங்கி வரும். எங்கள் வாசலை அது தொடும்போதுதான் எனக்கு முழு விழிப்பு வரும். கிழக்கும் அப்போதுதான் வெளுத்திருக்கும்.

அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சரியாக எத்தனை என்று யாருக்கும் தெரியாது. நான் கடைசிப் பிள்ளை. அண்ணன்மார்களுக்கெல்லாம் பிள்ளைகள் பிறந்தாயிற்று. அம்மா மட்டும் நடவுக்குப் போனாள், களை எடுத்தாள், பிள்ளை பிறக்கிற வீட்டில் போய் வெந்நீர் போட்டாள். வைகாசியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டால், ஒன்பது நாளும் மாலையில் பெண்கள் கும்மி அடிப்பார்கள். அந்த வட்டத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் அவள்தான். குனிந்து நிமிர்ந்து சுற்றும்போது இருபது வயதுப் பெண்களுக்கு மூச்சு வாங்கும். அவளுக்குப் பாட்டு பிசகாது.

எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். புதுக்கோட்டையில் ட்ரெயினிங் முடித்து, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. குடையும் கைக்கடிகாரமுமாக வரப்பில் நடந்து போவேன். ஏர் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பா மாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அதில் எனக்குப் பெருமைதான். இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன்.

முந்தின வருஷத் திருவிழாவில் ஒரு மாலை, எங்கள் தலைமையாசிரியர் சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்தார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்வை வடிய, வட்டத்தின் நடுவில் கை தட்டிக்கொண்டிருந்தாள். "அது உங்க அம்மாங்களா டீச்சர்?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அறுபது தமிழ் வருஷமும் சுற்றி வந்து, ஒருத்தி பிறந்த வருஷமே மறுபடி பிறந்துவிட்டால் அவளைச் 'சுத்து முடிஞ்சவ' என்பார்கள். கும்மி வட்டத்துக்கும் சுத்து என்றுதான் பெயர். ஒரு சுத்து முடிந்தவள் இன்னொரு சுத்தில் இறங்கக் கூடாது. முளைப்பாரி விதையைத் தொடக் கூடாது, பாட்டெடுக்கக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்க்கலாம். இது யாருக்கும் பெரிய இடைஞ்சலாக இருந்ததில்லை. பிறந்த வருஷம் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். கணக்குப் போட ஆள் கிடையாது.

அந்த ஆள் நானாகிப் போனேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, சித்திரை முதல் நாள். புதுப் பஞ்சாங்கத்தை வாசிக்கச் சொல்லித் தெருப் பெண்கள் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். "பிறந்திருப்பது பிலவ வருஷம்" என்று தொடங்கினேன்.

"அட, நானும் பிலவந்தான்" என்றாள் அம்மா, புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே. "வைகாசியில எங்க ஊரு ஊருணிக்குப் படி கட்டி முடிச்ச அன்னிக்கு எங்க ஆத்தா தண்ணி எடுக்கப் போயி, கொடத்தோட திரும்பி வந்து என்னையப் பெத்தாளாம்."

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிற்கிற பழக்கம். விரலை மடக்காமலே கணக்குப் போட்டுவிட்டேன். "அப்படின்னா ஆத்தா, ஒனக்கு இந்த வைகாசியோட அறுவது முடியுது."

கோடி வீட்டு அத்தைதான் முதலில் பேசினாள். அவள் அம்மாவுக்கு நாத்தனார் முறை, கும்மியில் அம்மாவுக்கு எதிர்வரிசையில் நிற்பவள்.

"அடி ஆத்தீ. அப்ப மதினிக்குச் சுத்து முடிஞ்சுபோச்சா?"

"போடி, எனக்கென்ன அறுவது" என்றாள் அம்மா.

"நானா சொல்றேன்? ஒம் மக சொல்றா. டீச்சரு கணக்கு தப்புமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அடியில் எங்கோ எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வருஷம் எந்த சைக்கிள் வந்தாலும் கவலையில்லை என்று நினைத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அம்மா சண்டை போடவில்லை. கணக்கென்றால் கணக்குத்தான் என்று இருந்துவிட்டாள். மெல்ல மெல்ல, கும்மிக்கு ஆகாதவளுக்கு நடவு எதற்கு என்று நடவுக் கூட்டம் அவளைக் கூப்பிடாமல் போனது. "நீங்க இருங்க ஆத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்று பிள்ளை பிறந்த வீட்டிலும் மரியாதையாகச் சொன்னார்கள். அண்ணி குடத்தை வாங்கிக்கொண்டாள். "இனிமே ஒக்காந்து சாப்புடு" என்று நானும்தான் சொன்னேன்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் முழங்கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. விடியலில் எனக்கு முன்னாலேயே விழித்து, கூரையைப் பார்த்துப் படுத்திருப்பாள். தெருவில் வேறு பெண்களின் பேச்சு கேட்கும். எனக்கு நேரத்தோடு விழிப்பு வருவதே நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கம்பவுண்டர் சிவப்பு மருந்தைப் புட்டியில் ஊற்றிவிட்டு, "வயசு என்னம்மா?" என்றார்.

"எம் மகளைக் கேளுங்க, அவதான் வச்சிருக்கா" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகாசியில் முளைப்பாரிக்கு விதை போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு. முதல் நாள் கும்மிச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், "என்னைய எங்கூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறியா? தம்பியப் பாக்கணும் போல இருக்கு" என்றாள்.

அம்மா பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம், நாலு மைல். பாதி வழி முந்திரிக்காடு. பழம் உதிர்ந்து மணலெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. அந்தப் புளித்த இனிப்பு வாசத்தில் நடந்தால் காலுக்குக் கீழே தரை இருக்கிற நினைவு போய்விடும். வெயில் இலைக்குள் புகுந்து புள்ளி புள்ளியாக அம்மாவின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. முதல் மைலில் ஐந்து தடவை உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு தடவை. காட்டை விட்டு வெளியே வரும்போது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தும் கவனிக்காமலும் வந்தேன்.

ஊர் எல்லையிலேயே ஊருணி. அம்மா கால் நனைக்க இறங்கினாள். மேல்படியின் ஓரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. சின்னப் பிள்ளையில் அதன்மேல் ஏறிக் குதித்திருக்கிறேன். எழுத்துப் படித்த பிறகு அந்த ஊருக்கு வந்து போனதெல்லாம் அவசர வரவுகள். கல்லில் எழுத்து இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முந்தானையால் பாசியைத் துடைத்தேன்.

பிலவங்க ௵ வைகாசி மீ.

பிலவங்க வருஷம், வைகாசி மாதம். பிலவ இல்லை. பிலவங்க. ஆறு வருஷம் பின்னால் வருகிற வேறொரு வருஷம். சொல்லிச் சொல்லி வாயில் தேய்ந்து பிலவங்கம் பிலவமாகிவிட்டது. அம்மாவுக்கு ஐம்பத்து நாலுதான் முடிகிறது.

தண்ணீரில் நின்றபடி அம்மா கேட்டாள். "என்னத்தா போட்டிருக்கு அதுல?"

அந்த இடத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. "படி கட்டுனதுன்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அது பொய்யும் ஆகாது. டீச்சர் கணக்கு டீச்சர் கணக்காகவே இருந்திருக்கும், அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் சைக்கிள்கள் வந்து போயிருக்கும். தண்ணீர் அம்மாவின் வீங்கிய முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன வளையமாக விரிந்துகொண்டிருந்தது.

"நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் ஆத்தா. ஒனக்கு இன்னும் ஆறு வருசம் கெடக்கு."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தாள். ஊருணியின் எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "படிச்ச புள்ளைன்னு சோறு போட்டு வளத்தேன், ஆறு வருசத்தையும் சேத்துத் தின்னுப்புட்டியேடி!"

தம்பி வீட்டில் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு, வெயில் தாழும் முன்னே என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

நேரே கும்மி வாசலுக்குத்தான் போனோம். நான் எல்லோர் முன்னிலும் சொன்னேன். கணக்குத் தப்பு, என் தப்பு, கல்லில் பிலவங்க என்று இருக்கிறது. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். கோடி வீட்டு அத்தை இடுப்பில் கை வைத்தாள்.

"சித்திரையில அறுவதுன்ன. வைகாசியில அம்பத்து நாலுங்கற. ஆடியில கொமரியாக்கிப்புடுவ போல."

"கல்லுல இருக்கு அத்தை. நான் படிச்சேன்."

"நீ படிச்ச. வேற யாரு படிச்சா? ஒங்க ஆத்தாவுக்குப் பொழுது போகலைன்னு நீ எதையும் படிப்ப."

வாழ்க்கையில் முதல் தடவையாக, படித்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு உதவவில்லை. அம்மா வட்டத்துக்கு வெளியே, செருகத் தொடங்கிய முந்தானையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப நீங்களே வந்து பாருங்க" என்றேன். "எழுத்து எண்ணத் தெரிஞ்சா போதும்."

ஆத்திரத்தில் சொன்னது. ஆனால் மறுநாள் விடியலில் பன்னிரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். முந்திரிக்காட்டில் அந்நேரத்துக்கு இறங்கியிருந்த லேசான மூட்டத்தில், முன்னால் போகிறவளின் சேலை நிறம் மட்டும் தெரிந்து தெரிந்து மறைந்தது. யாரோ பழத்தைப் பொறுக்கித் தின்றார்கள், யாரோ முணுமுணுவென்று பாடினார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் போனாள். முந்தின நாள் எட்டு மைல் நடந்த கால், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே கனவுக்குள் நுழைந்துவிட்டோம் என்றும், யாராவது உரக்கப் பேசினால் கலைந்துவிடும் என்றும் எனக்குப் பட்டது.

கல்லுக்குப் பக்கத்தில் ஈர மணலில் குச்சியால் எழுதினேன். பிலவ. "இது இந்த வருசம். எத்தனை எழுத்து?" மூன்று என்று எண்ணினார்கள். "கல்லுல நடுவுல சுருண்டு கெடக்கிறது என்ன?" என்று அத்தை விடவில்லை. அது வருஷம் என்பதற்கான குறி, எல்லா வருஷத்துக்கும் வரும் என்று மணலில் நான்கு முறை எழுதிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டாள். பிறகு குனிந்து கல்லைத் தொட்டாள். குழந்தையின் பல்லை எண்ணுவதுபோல ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விரலை விட்டு விட்டு எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." நிறுத்தி மணலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். "நாலு. அஞ்சு."

மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து எண்ணினார்கள். ஐந்துதான்.

அத்தை நிமிர்ந்து கையைத் தட்டி மணலை உதறினாள். "ரெண்டு எழுத்து கூட இருக்கு மதினி. இனி நீ பாட்டெடுக்கலேன்னா நான் சும்மா விட மாட்டேன். ரெண்டு நாளா எந் தொண்டை கிழிஞ்சுபோச்சு."

அம்மா அங்கேயே எடுத்தாள். அவள் பிறந்த ஊர் ஊருணிக் கரையில், காலை வெயிலில், பன்னிரண்டு பேரும் வட்டமானார்கள். தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "இது யாரு?" என்று அந்த ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"எங்க ஆத்தா" என்றேன்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. அம்மாவின் முழங்கால் வீக்கம் அந்தத் திருவிழா முடிவதற்குள் வடிந்தது. நடவுக் கூட்டம் தானாக வந்து கூப்பிட்டுக்கொண்டது. பிலவங்க வருஷம் பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் எங்கள் ஊரில் யாரையும் அவ்வளவு எளிதாகச் சுத்தை விட்டு வெளியேற்ற முடிவதில்லை. போன திருவிழாவில் அறுபதைத் தாண்டியதாகச் சொல்லப்பட்ட ஒருத்தியை இளம் பெண்கள் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அவள் சேலையைச் செருகிக்கொண்டே கேட்டாள்:

"கல்லு இருக்கா? காட்டுங்கடி, ஒக்காருறேன்."

அவள் பிறந்த அன்று எந்த ஊரிலும் யாரும் படி கட்டவில்லை. வட்டம் கொஞ்சம் விலகி அவளுக்கு இடம் விட்டது.