தபீதாள் சட்டியில் வெந்தது எந்த முயல்?

தபீதாளுக்குப் பொய் சொல்ல வராது. அவளுக்கு வாழ்க்கையில் நேர்ந்த தொல்லைகளில் பாதி இதனால் வந்தவை. பொய் சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள்.

கோவிலம்பாக்கத்தில், நன்மங்கலம் காட்டுக்கு இந்தப் பக்கம், இரும்புக் கடை அத்தாவுல்லா பாயின் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். கணவர் ஏசுபாதம் நாவலூர்க் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். தபீதாளும் அங்கே ஒரு கேன்டீனில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தவள்தான். கொரோனா வந்தது. கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்து சம்பளம் வாங்கினார்கள். தபீதாளும் வீட்டிலிருந்தே சாம்பார் வைத்தாள். அவளுக்கு மட்டும் யாரும் சம்பளம் போடவில்லை.

அந்தச் சமயத்தில் ஏசுபாதம் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து வெள்ளை முயல் ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். முயல்கள் தம் கடமையைத் தவறாமல் செய்தன. மொட்டை மாடி நிறைந்தது. ஞாயிறுதோறும் முயல் வறுவல் பார்சல் என்று தபீதாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள்.

அவள் கைப்பக்குவத்தைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. மோரில் ஊறவைத்த கறி, கை கொள்ளாத சின்ன வெங்காயம், மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த மசாலா, தாராளமாக நல்லெண்ணெய். முயலுக்குச் சொந்தமாகக் கொழுப்பு கிடையாது என்பதால் நாம்தான் கொடுத்து உதவ வேண்டும் என்பது அவள் கொள்கை. குக்கர் பக்கமே போக மாட்டாள். மண்சட்டியில் மெல்லிய தீ.

கருத்து வேறுபாடு சட்டிக்குள் கிடப்பது யார் என்பதில்தான்.

முதலில் ஊர் பூனை என்றது. ஊரில் முயல் கறி விற்கும் எவரையும் முதலில் அப்படித்தான் கேட்பார்கள்; அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அறுக்கும்போது ஒரு பின்னங்காலை மட்டும் முடியோடு விட்டுவைத்து, வருகிறவர்களிடம் காட்டினாள். பூனை வழக்கு அத்தோடு முடிந்தது. முடிந்த இடத்திலேயே அடுத்தது தொடங்கியது.

நாவலூரிலிருந்து பார்சல் வாங்க வரும் ஷெர்வின் என்ற கம்ப்யூட்டர் இளைஞர் அதை மிகவும் தணிந்த குரலில் தொடங்கிவைத்தார்.

"அக்கா, இது காட்டு முயல்தானே?"

"பண்ண முயலுப்பா. மேலதான் கூண்டு கீது, போய்ப் பாத்துட்டு வா."

"புரியுதுக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லேன்டா! எல்லார்கிட்டயும் சொல்லு!"

ஷெர்வின் கண்ணடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு நான்கு பேரைக் கூட்டிவந்தார். அவர்களும் கேட்டார்கள், அவளும் இல்லை என்றாள், அவர்களும் கண்ணடித்தார்கள். காட்டு முயலைத் தொட்டால் ஜெயில் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே, இவ்வளவு உறுதியாக மறுக்கிறாள் என்றால் அது காட்டு முயலாகத்தான் இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் முடிவு செய்தார்கள். அவள் மறுக்க மறுக்க வியாபாரம் பெருகியது.

இது எதிர்வீட்டு ஃபிரெடி சாரின் காதுக்கு வந்தது. அவர் ரிட்டையர்டு அதிகாரி, தெரு நலச் சங்கத் தலைவர், இயற்கை ஆர்வலர். காலையில் காட்டோரமாக நடை போவார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். பறவைகளைப் பார்க்க வாங்கிய அந்தக் கருவி, பறவைகள் கிடைக்காத நாள்களில் மொட்டை மாடிகளைப் பார்த்தது. தபீதாளின் மாடியில் கூண்டு இருப்பதை அவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். திறந்த வெளியில் இப்படிப் பகிரங்கமாகக் கூண்டு வைத்திருப்பது அவருக்கு அன்றிலிருந்தே உறுத்தலாக இருந்தது.

போன ஞாயிறு காலை தெருநாய் ஒன்று தபீதாளின் குப்பைப் பையைக் கிழித்து, ஒரு முயல் தோலைக் கவ்விக்கொண்டுபோய், தெருவில் அத்தனை வாசல் இருக்க ஃபிரெடி சார் வாசலில் போட்டது. தோல் சாம்பல் நிறம்.

பண்ணையில் சாம்பல் முயலும் உண்டு. அப்படி ஒன்றே ஒன்றை ஏசுபாதம் பிற்பாடு வாங்கிவந்திருந்தார். அன்று காலைதான் அது சட்டிக்குப் போனது. மீதி எல்லாம் வெள்ளை. அவளுடைய நேரம் அப்படி.

ஃபிரெடி சார் தோலை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு நேராக அத்தாவுல்லா பாயிடம் வந்தார்.

"பாய், இது வைல்ட்லைஃப் மேட்டர். நான் கம்ப்ளெயின்ட் எழுதப் போறேன். ஹவுஸ் ஓனர் பேரும் சேர்ந்து வரும், முன்னாடியே சொல்லிடறேன்."

பாய் இரும்பு விற்பவரே தவிர இரும்பு மனிதர் அல்லர். உடனே தபீதாளைக் கீழே கூப்பிட்டார்.

"இதோ பாரும்மா. நீ காட்டு முயல்தான் ஆக்குறேன்னு ஆச்சுன்னா வூட்ட காலி பண்ணிடு. இந்த வயசுல கோர்ட்டு படியெல்லாம் என்னால ஏற முடியாது."

தபீதாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேறு வீடு பார்க்கலாம். ஆனால் முயல் கூண்டோடு ஒரு குடும்பத்தை உள்ளே விடும் வீட்டுக்காரர் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை தேடினாலும் கிடைக்க மாட்டார். வீடு போனால் முயல் போகும். முயல் போனால் அடுப்பும் அணையும்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. பாயும் அவர் மனைவி நஃபீசாவும், ஃபிரெடி சாரும் அவர் மனைவி ஜாஸ்மினும், தெருவில் அன்று வேறு வேலை இல்லாதவர்களும் உட்கார்ந்தார்கள். தபீதாள் நின்றாள்.

"மேல வந்து கூண்டப் பாருங்க சார்" என்றாள்.

"பார்த்தேன். எல்லாம் வெள்ளை. அதான் எனக்கு டவுட்டே. வெள்ளையை ஷோவுக்கு வெச்சிட்டு, சமையலுக்கு வேற."

"பண்ணக்காரருக்கு வேணா போன் போட்டுத் தரேன்."

போட்டாள். சுவிட்ச் ஆஃப்.

"அவனும் உஷாராயிட்டான்" என்றார் ஃபிரெடி சார்.

நஃபீசா இடையில் புகுந்தார். "எதுக்கு இவ்ளோ பேஜாரு? அந்தக் கறி இன்னும் சட்டிலதானே கீது. காட்டு முயல் துன்னவங்க யாராச்சும் ஒரு வாய் பாத்து சொல்லிட்டா தெரிஞ்சிடப் போவுது."

"கரெக்ட்" என்றார் பாய். "இங்க யாரு காட்டு முயல் துன்னுகீறீங்க?"

உண்மையைச் சொல்லச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வாய் திறந்தால் சாட்சியே குற்றவாளி. கை தூக்குவதாக யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாதென்று, தலை அரித்தவர்கள்கூடச் சொறியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் புதிதாகப் பார்த்தார்.

தபீதாள் மாடிக்கு ஓடினாள். துணியால் பிடித்தபடி சட்டியோடு இறங்கிவந்து ஃபிரெடி சார் முன்னால் மூடியைத் திறந்தாள். மிளகு வாசனை சபையைச் சுற்றி வந்தது.

"நீங்களே பாருங்க சார். காடு, மரம், மிருகம் எல்லாம் தெரிஞ்சவரு. இது காட்டு முயல்னு சொல்லுங்க, இப்பவே சாமான எறக்கிடறேன்."

"டேஸ்ட் எல்லாம் எவிடன்ஸ் ஆகாதும்மா" என்ற ஃபிரெடி சார், சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, சங்கத்தின் சார்பாக, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார். அவர் முகத்தில் கோபம் போய் ஏமாற்றம் வந்தது. நல்ல ஓட்டலில் தவறான பதார்த்தம் பரிமாறப்பட்டவரின் ஏமாற்றம்.

"இதா? சேச்சே. மசாலா நல்லாருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா இது பண்ணை முயல்தான். கோழி மாதிரி வெள்ளைக் கறி, பஞ்சு பஞ்சாப் போகுது. காட்டு முயல்னா ஈரல் கலர்ல கறுத்திருக்கும். பல்லுக்கு வேலை வைக்கும். லேசா ஒரு புல் வாசனை அடிக்கும் பாருங்க, அதுதான் அதோட அழகே. அன்னிக்கே சாப்பிடக் கூடாது, மறுநாள் சூடு பண்ணி, ரெண்டு தோசையோட..."

தோசைக்குப் பிறகு வாக்கியம் நகரவில்லை. அது தன்னை எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பாய் தொண்டையைக் கனைத்தார். "தபீதாம்மா, உன் மேல தப்பு இல்ல. வூடு உன்னுதுதான், நீ மேல போ. சார், நீங்க மட்டும் கொஞ்சம் உக்காருங்க."

"பாய், நான் புக்ல படிச்சதை..."

"தோசையுமா சார் புக்குல போட்டுருந்துச்சு?" என்றார் நஃபீசா.

தபீதாள் மேலே போகவில்லை. வீடு தங்கிவிட்ட நிம்மதியில் காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சமையல்காரிக்கு வரவேண்டிய சந்தேகம் அவளுக்கு வந்திருந்தது.

"அது சரி சார், யாரு ஆக்குனது?"

சபை முழுதும் ஜாஸ்மின் பக்கம் திரும்பியது.

"என்ன எதுக்குப் பாக்கறீங்க?" என்று ஜாஸ்மின் எழுந்தே விட்டார். "வாக்கிங் போய்ட்டு வரும்போது பையில கறி வாங்கிட்டு வந்து நாட்டுக்கோழின்னுதான் குடுத்தாரு. றெக்கைய காணோமேன்னு கேட்டேன். வெட்டினவன் எடுத்துக்கிட்டான்னாரு."

"எவ்ளோ விசில் வுட்டீங்கக்கா?" என்றாள் தபீதாள்.

ஜாஸ்மின் கணவரை ஒரு முறை பார்த்தார். ஃபிரெடி சார் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு விசில். எட்டு விட்டும் வேகலம்மா. எனக்கு அப்பவே சந்தேகம்."