ராயப்பன் அண்ணன் கேட்ட இரண்டு நிமிடம்

ராயப்பன் அண்ணனின் மனைவி ஆரோக்கியம் அக்காவின் போன் வந்தபோது மன்னவனூர் மருந்தகத்தில் ஒருவர் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கேரட் வயலில் மண்வெட்டி பட்ட காயம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு "சொல்லுங்கக்கா" என்றேன். "அவரு போயிட்டாரு சிஸ்டர். காப்பி கேட்டாரு, வாங்கிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு" என்றார். நான் பாட்டுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். "போதும்ங்க சிஸ்டர், இனிமே செருப்பு நுழையாது" என்று அந்த மனிதர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

நாயுடுபுரத்தில் மெக்கானிக் ராயப்பனைத் தெரியாதவர்கள் இல்லை. கோயிலில் அவருக்கு நடக்கும் முப்பதாம் நாள் பூசைக்கு வரப்போகிற உங்களில் பாதிப் பேர் அவரோடு ஒரே குழியில் நின்று வண்டிக்கு அடியில் வேலை பார்த்தவர்கள். அவருடைய கைத்திறமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நர்ஸ். எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் மருந்தகத்துக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்தது. வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, பல வருடம் ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது எங்களுக்கு விட்டுப்போனது. பார்க்க அழகாக இருக்கும். ஏற்றத்தைக் கண்டால் அழும். ஒருநாள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனேன். பூம்பாறை தாண்டிய ஏற்றத்தில் முதல் கியரிலும் வண்டி நகரமாட்டேன் என்றது. கூட வந்த மாமியார் சலித்துப்போய் இறங்கி நடந்தார். சிறிது தூரம் எங்களுக்கு முன்னாலேயே நடந்தார். நல்லபடியாகப் பிரசவமானது என்பதால் இன்று சிரிக்க முடிகிறது.

மறுநாள் வண்டியை ராயப்பன் அண்ணனிடம் விட்டுத் திட்டினேன். காரை அல்ல, அவரை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். காத்துதான் பத்தல. இம்புட்டு ஒசரத்துல காத்தே பாதிதான கெடக்கு. டர்போ வச்சுத் தாறேன்." புகை வெளியேறும் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சின்னச் சக்கரம் அது. உடைத்துப் போட்ட டீசல் வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ அவரிடம் இருந்தது. அதை வேட்டியில் துடைத்து, விரலால் சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. ஜீப் வாங்கச் சொல்லி எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னீர்கள். எனக்கு அந்தச் சக்கரம் பிடித்துவிட்டது.

அவர் ஒரு தப்புச் செய்தார். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார் என்பதால் எழுதுகிறேன். திணித்து அனுப்பும் காற்றுக்கு பிஸ்டனின் தலைக்கு மேலே கூடுதல் இடம் வேண்டும். அதற்கு பிஸ்டனை மாற்ற வேண்டும். அவரோ இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் தடிமனான செம்புத் தகட்டைக் கொடுத்தால் போதும் என்று நினைத்து அப்படியே பூட்டிவிட்டார். இடம் பற்றாவிட்டால் பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்து பிஸ்டனை அடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் அதைத் 'தட்டுது' என்பார்கள். ஓட்டத்தில் அந்தத் தட்டல் எளிதில் காதுக்கு எட்டாது. அதனால் என் ஸ்டெதாஸ்கோப்பைக் கேட்டார். நெஞ்சில் வைக்கும் வட்டத்தைக் கழற்றிவிட்டுச் செம்புக் குழாயை மாட்டி, குழாயின் மறுமுனையை இன்ஜினில் முடுக்கி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் போட்டுக்கொண்டு பூம்பாறை ரோட்டில் ஏற்றினார். டாக்டரே தோற்றுப்போகும் முகபாவம். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். "தட்டுது சிஸ்டர். இன்னொருதரம் தொறக்கணும். மொதல்ல எடங்குடுக்கணும், அப்பறந்தான் காத்துக் குடுக்கணும். நான் மாத்திச் செஞ்சுட்டேன்."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி பானெட்டைத் தூக்கும்போது அவருக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல், நிற்கவில்லை. நானும் விளையாட்டாக ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி வட்டத்தை மாட்டினேன். "இன்ஜினைக் கேட்டது போதும், திரும்புங்க" என்று சட்டையைத் தூக்கி முதுகில் வைத்தேன். மூச்சை இழுக்கச் சொன்னேன்.

காதோரத்து முடியை விரல்களுக்கு இடையே தேய்த்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். இரண்டு பக்கமும், அடியில். இருபத்தாறு வருடமாக முதுகுகளைக் கேட்டவள் நான். அது சளி இல்லை என்று தெரிந்துவிட்டது.

"என்ன, தட்டுதா?" என்று கேட்டார்.

"எக்ஸ்ரே எடுக்கணும்ணே. பெரிய டாக்டர்ட்டக் காட்டணும்."

"எடுப்போம். இந்தச் சோலி முடியட்டும். மழைக்கு முந்தி வண்டி வேணும்ல ஒங்களுக்கு?"

"ஆமா" என்றேன்.

நான் சொன்ன வார்த்தை அதுதான். அன்றிலிருந்து அதையே மென்றுகொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து தலையில் பள்ளம் வைத்த புது பிஸ்டன்கள் வந்தன. பழைய பிரேக் தூசியும் இரும்பைத் தேய்க்கும் எமரித்தாள் பொடியும் பறக்கும் அந்தக் கொட்டகையில் குனிந்து நின்று இன்ஜினை மறுபடி கட்டினார். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயை மூன்று தரம் வளைத்து மூன்று தரமும் பிடிக்காமல் தூக்கிப் போட்டார். மழைக்கு முந்தியே வண்டி வந்தது. பூம்பாறை ஏற்றத்தில் நான்கு பேரை வைத்து மூன்றாம் கியரில் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க வண்டிக்குப் போதுமான காற்று இருந்தது. அவருக்கு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நர்ஸ் ஒருதரம் சொல்வது சொன்னதில் சேராது. குடிகாரர்களிடமும் மாத்திரை போடாத கிழவர்களிடமும் நூறு தரம் கத்துகிறவள், அவரிடம் ஒருதரம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வண்டியை விடும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏத்தம் ஏறி வந்ததும் படக்குன்னு ஆஃப் பண்ணாதீங்க. டர்போ கொதிச்சுக் கெடக்கும். ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு ஆத்துங்க."

மூச்சு முட்டி அவரே விழுந்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் இறுகிப் பாதி போய்விட்டது. தூசியை விட்டுவிட்டு முன்னாலேயே மலையை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் சில வருடங்கள் கூடக் கிடைத்திருக்கும் என்றார் டாக்டர். மதுரைக்கு அந்த வண்டியிலேயே கூட்டிப் போனேன். ஆரோக்கியம் அக்கா துணிமணி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பின்னால் வந்தார். அண்ணன் முன் இருக்கையில் ஆக்ஸிஜனோடு உட்கார்ந்திருந்தார். வத்தலக்குண்டு தாண்டி நேர்ரோட்டில் நான் மிதித்தேன். முகமூடியை விலக்கிவிட்டு, "தட்டுது சிஸ்டர். மிதிக்காதீங்க" என்றார். எனக்கு எதுவுமே கேட்கவில்லை. "மலை மேல வச்ச டைமிங் இது, பொறி விழுகுற நேரம். கீழ காத்து கனம், ஒத்துக்கல. ஒருநா எறக்கிக் கொண்டாந்து சரிபண்ணணும்னு இருந்தேன், முடியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலை இறக்கி மெல்ல மூச்சு இழுத்துப் பார்த்தார். "நல்லாருக்கு சிஸ்டர். இம்புட்டுக் காத்தும் இங்கயேதான் கெடந்துருக்கு." நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ரோடு சரியாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நிமிசம்." "டர்போ நாசமாப் போகட்டும்ணே, எறங்குங்க" என்று கத்தினேன். அவர் விடவில்லை. ஸ்ட்ரெச்சர் வரும்வரை இன்ஜின் ஓட உட்கார்ந்திருந்தோம். அப்போது கேட்டார்:

"அன்னிக்கு முதுகுல கேட்டுச்சுல்ல ஒங்களுக்கு?"

"கேட்டுச்சுண்ணே."

"நீங்க சொன்னீங்க, நாந்தான் போகல. வீட்ல கேட்டா அப்படியே சொல்லிருங்க."

பிறகு சாவியை அவரே திருப்பினார். பதினோரு நாளில் போய்விட்டார்.

ஆரோக்கியம் அக்கா, அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. எனக்குக் கேட்டது, எனக்குத் தெரிந்தது, எனக்கு வண்டி வேண்டியிருந்தது. உங்களிடம் நேரில் சொல்ல வந்து இரண்டு தரம் வாசலோடு திரும்பியிருக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

அவர் கை பட்டது என்று என் கழுத்தில் தொங்குவது அந்த ஸ்டெதாஸ்கோப்தான். எவ்வளவு துடைத்தும் குழாயில் கிரீஸ் வாடை போகவில்லை. புதிது வாங்கச் சொல்கிறார்கள், மாட்டேன். விரலில் முள் ஏறி வருகிறவரையும் இப்போது முதுகைக் காட்டச் சொல்கிறேன். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்த ஸ்டெதாஸ்கோப்போடு நிற்பேன். மெக்கானிக்குகள், வெல்டர்கள், பெயின்டர்கள், அவரோடு அந்தத் தூசியில் நின்ற அத்தனை பேரும் வாருங்கள். வெட்கப்படாமல் சட்டையைத் தூக்கித் திரும்பி நின்று மூச்சை இழுங்கள். சோலி முடியட்டும் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். இந்தத் தடவை ஒருதரம் சொல்லிவிட்டு நான் போகமாட்டேன்.