பின்னால் மாட்டிய டர்போ

எங்கள் வேனில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருந்தது. பழைய டீசல் வண்டி. கள்ளக்குறிச்சியில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினால் கச்சிராயபாளையம் வரை சொன்ன பேச்சைக் கேட்கும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இரைக்க ஆரம்பித்துவிடும். முதல் கியரில் உறுமிக்கொண்டு போவோம். விறகுக்கட்டோடு நடந்து போகிற பெண்கள் எங்களை முந்திப் போய், வளைவில் நின்று என் மனைவியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, மறுபடியும் முந்திப் போவார்கள்.

வண்டி ஓட்டுவது மட்டும்தான் என் வேலை. வியாபாரம் அவளுடையது. கரியாலூரிலும் பக்கத்து ஊர்களிலும் மளிகையை இறக்கிவிட்டு, மலைப் பெண்களிடம் புளி, கடுக்காய், சாமை வாங்கிப் போடுவாள். புளியைக் கிள்ளிப் பார்த்து, “இது போன வருசத்துது, இதுல கலந்துட்ட” என்பாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேறு கூடையை எடுத்து வருவாள். திரும்பும்போது வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. இடப்பக்க சீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்கார்ந்து வருவாள். எஞ்சின் சூடு அப்படி.

வேனைச் சின்னசேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விடுவேன். என்னைவிட இளையவன், எதையாவது புதிதாகச் செய்து பார்க்கிற ஆசை உள்ளவன். ஒரு நாள், “பழைய காரு ஒண்ணு பிரிச்சேண்ணா. டர்போ நல்லா இருக்குது. உங்க வண்டிக்குப் போட்டா மலையில சும்மா ஏறும்” என்றான்.

டர்போ என்றால் என்ன என்று என் மனைவி கேட்டாள். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும், காற்று கூடினால் டீசல் நன்றாக எரிந்து இழுவை கூடும் என்று அவன் விளக்கினான்.

“அத்த எங்க மாட்டுவ?”

“எஞ்சின் மேலயேதான் அண்ணி. உங்க சீட்டுக்கு அடியில.”

“வேணாம்பா. இப்பவே தோசைக்கல்லு மேல குந்திக்கினு வரேன்.”

அவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து வந்து, பின்னால் சைலன்சர் இருக்கிற இடத்தில் மாட்டலாம் என்றான். அப்படி மாட்டினால் சூடு முன்னால் வராது. நெருக்கடி இல்லாததால் கழற்றிப் பூட்டுவது சுலபம். அங்கிருந்து நீளக் குழாயில் முன்னால் வருவதற்குள் காற்று ஆறிவிடும். ஆறின காற்று எஞ்சினுக்கு நல்லது.

“இதுல கஷ்டமும் இருக்குதுண்ணா, சொல்லிடறேன்” என்றான். “புகை அவ்ளோ தூரம் போறதுக்குள்ள அதோட வேகம் கம்மியாயிடும். நீங்க இங்க மிதிச்சா, அது அங்க சுத்தி, காத்து திரும்பி வந்து சேர நேரம் ஆவும். அப்பறம் ஆயிலு. டர்போவுக்கு எஞ்சின் ஆயிலு போயி வரணும். எஞ்சின் பக்கத்துல இருந்தா தானா வடிஞ்சி கீழ வந்துடும். பின்னால தாழ்வா இருக்கறதால, திருப்பி அனுப்ப ஒரு குட்டிப் பம்பு வெக்கணும். சேறு, தண்ணி, கல்லு எல்லாம் அதும்மேல அடிக்கும்.”

நான் அவளைப் பார்த்தேன். “லேட்டா வந்தா இன்னா, வந்தா சரி. பின்னாலயே மாட்டச் சொல்லுங்க” என்றாள்.

மாட்டினான். முதல் தடவை லோடோடு ஏறியபோது அவன் சொன்னது புரிந்தது. வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. பழைய வண்டியேதான் என்று நினைக்கும்போது, பின்னாலிருந்து மெல்லிய விசில் கிளம்பும். அப்புறம் யாரோ பின்னால் கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி வண்டி எழும்பும். வளைவு வருவதற்கு முன்பே மிதித்து வைக்கப் பழகிக்கொண்டேன். விறகுப் பெண்கள் பின்தங்கிப் போனார்கள். “பேச்சுத்தொணைக்கு ஆளில்லாம பூட்டுது” என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த வருஷமே எங்கள் மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்தது. மகளுக்கு வேலை, மருமகனுக்கும் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி போனாள். மகள் வேலைக்குத் திரும்பி, குழந்தை நடக்க ஆரம்பிக்கும் வரை என்று பேச்சு. துணிப்பையோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், “கடுக்காய்க்குச் சொல்லி வெச்சிருக்கேன், மறந்துடாதீங்க” என்றாள்.

நான் மறக்கவில்லை. கரியாலூரில் வண்டியை நிறுத்தினால் பெண்கள் வந்து இடப்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். “அக்கா வரலியா?” என்று கேட்டுவிட்டுக் கூடையை இறக்காமலே நிற்பார்கள். எனக்கு அவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர்களுக்கும் ஒரு ஆண்பிள்ளையிடம் சிரித்துப் பேரம் பேசக் கூச்சம். கடுக்காய் மட்டும் வந்தது. மற்றது எல்லாம் வேறு வண்டிக்குப் போனது. மளிகையும் மெதுவாகக் குறைந்தது. பாதி லோடுக்கு டர்போவே தேவையில்லை. காலி வண்டிக்குள் அந்த விசில் மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் ஆள் இருந்தவரை அதை இவ்வளவு கேட்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு நாள் சிமெண்ட் லோடு கிடைத்தது. நல்ல பாரம். பாதி மலை ஏறியிருப்பேன், எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் கையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை. அடுத்த வளைவில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். ஏறி வந்த சாலை முழுக்க வெள்ளைப் புகை, மழையிலும் கலையாமல் நின்றது. சேறு அடைத்துப் பம்பு நின்றுபோயிருந்தது. டர்போவுக்குப் போன ஆயில் திரும்பி வர வழியில்லாமல் புகைக்குழாயில் கசிந்து எரிந்திருக்கிறது. சைலன்சர் வாய் இடப்பக்கம். அவள் இருந்திருந்தால், அடிக்கடி தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறவள், முதல் புகையிலேயே சொல்லியிருப்பாள்.

போனில் சிக்னல் இல்லை. கீழே போன ஒரு ஜீப்காரரிடம் மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்து, சிக்னல் வந்ததும் பேசச் சொன்னேன். மத்தியானம் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த மலைக்காரர் ஒருவர் ஏறி இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். மழை விடும்வரை உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, “சீட்டு கதகதன்னு நல்லா கீதுங்க” என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் மெக்கானிக் பைக்கில் ஆயில் டின்னோடு நனைந்துகொண்டு வந்தான். டர்போவுக்குப் போகிற ஆயில் வழியை அடைத்தான். புகை டர்போவுக்குப் போகாதபடி புகைக்குழாயை முன்பக்கமே கழற்றிவிட்டான். காற்றுக் குழாயையும் பிரித்து எஞ்சினை நேராக மூச்சுவிடச் செய்தான். கையைத் துடைத்துக்கொண்டே, “எஞ்சினு தப்பிச்சிதுண்ணா. இனிமே முன்னாடியே மாட்டிடலாமா? சீட்டு காலியாத்தான கீது” என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வண்டியைத் திருப்பி, டிராக்டர் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினேன். அணைக்குப் பக்கத்தில் சிக்னல் வந்ததும் ஒரு டீக்கடை முன்னால் ஓரம் கட்டி அவளைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். “உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே” என்று கேட்டாள். பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கேட்டதையும் சொன்னேன்.

கொஞ்சம்கூட யோசிக்காமல், “அப்ப முன்னாடியே மாட்டிக்கங்க. நான் எங்க இப்ப வரப்போறேன்” என்றாள்.

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். குழந்தை நடக்க ஆரம்பித்து வெகு நாள் ஆகியிருந்தது. நான் அதுவரை அதை யோசிக்காமலே இருந்திருக்கிறேன். டீக்கடைக்காரர் வந்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லும்வரை அங்கேயே இருந்தேன்.

டர்போ எஞ்சின்மேல் ஏறியது. நல்ல மாற்றம்தான், பொய் சொல்லக் கூடாது. பம்பு இல்லை, நீளக் குழாய் இல்லை. மிதித்த உடனே இழுக்கும். இடப்பக்க சீட்டின்மேல் கை வைக்க முடியாது. தண்ணீர் பாட்டிலை வைத்தால் வெந்நீராகிவிடும். மெக்கானிக்குக்கு மட்டும், கேட்டவன் அவனே என்றாலும், கொஞ்சம் வருத்தம். பின்னால் மாட்டியதுதான் அவன் புதிதாகச் செய்து பார்த்தது.

வருகிற லோடுக்குப் போவேன்: சிமெண்ட், உரம், மரவள்ளிக்கிழங்கு. ஏற்ற இறக்க ஆட்கள் இருப்பார்கள், நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை. வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைக்கச் சோம்பலாகி, சாப்பாட்டைத் தியாகதுருகம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குச் சென்னை போனேன். நாலாவது மாடியில் சின்ன பால்கனி, அதில் இரண்டு நாற்காலி. அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, “மலையில இப்ப புளி எறங்கியிருக்கும். யாரு எடுக்கறாங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். கிளம்பும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரை வந்தாள். ஆட்டோ வர நேரமாயிற்று. குழந்தை தூக்கத்துக்கு அழ ஆரம்பித்தது.

“நீ போ, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது, பக்கத்து சீட்டு ஊர் வரை காலியாகவே வந்தது.